பொன் உருகும், கோடு உருகாது

அணிகலன் என்றவுடன் நம் இல்லங்களில் முதலில் எழும் வினா, ‘எத்தனை சவரன்?’ என்பதேயாகும். பின்னர் மாற்று என்ன, கல் என்ன, கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று வினாக்கள் தொடரும். இவ்வுருவத்தை முதன்முதலில் எழுதிக் காட்டியவர் யார், எதைக் கண்டு எழுதினார் என்று கேட்பவர் மிகச் சிலர். தராசில் ஏறாத பொருளுக்கு ரசீதில் இடமில்லை அன்றோ?

ஆயினும், நகைக்கு முன்னே பிறப்பது கோடு. மாவிலையையோ மயிலையோ ஒருவர் ஊன்றி நோக்குகிறார்; நோக்கியதைக் கோட்டில் அடக்குகிறார்; கோட்டைக் கண்டு கைவினைஞர் பொன்னை வளைக்கிறார். பொன் பிற்காலத்தில் உருகி வேறு உருக் கொள்ளலாம். கோடு எங்கேனும் பதிந்திருந்தால், மறைந்த நகையையும் அதுவே நமக்குக் காட்டித் தருகிறது. இயற்கையைக் கண்டு எழுதப்பெற்ற வரைபடங்கள் நகைக்கலையை வளர்த்த வரலாற்றை இத்திங்கள் இப்பகுதியில் சிறிது காண்போம். பல தலைமுறைகளின் நகை வரைபடங்களைப் பேணி வைத்திருப்பது பாரிஸ் நகரம். ஆகவே அங்கிருந்து தொடங்குவதே முறை.

தாளில் மலரும் நகை

பாரிஸ் நகரத்து நகை வரைஞர்களுக்கு வழிவழியாக வந்த சில முறைகள் உண்டு. வரைபடம் நகையின் உண்மை அளவிலேயே இருக்க வேண்டும். ஒரு விரற்கடை அகலமுள்ள பூவைத் தாளிலும் ஒரு விரற்கடை அகலத்திலேயே எழுதுவர். வெண்மையான தாளைப் பெரும்பாலும் விரும்புவதில்லை. சாம்பல் நிறமோ பழுப்பு நிறமோ கொண்ட தாளையே எடுப்பர். வைரத்தின் ஒளியை வெள்ளை வண்ணத்தால் காட்ட வேண்டுமாயின், தாள் சற்று மங்கலாக இருத்தல் வேண்டும் என்பதே காரணம். ஒளி இடப்புறத்து மேல்மூலையிலிருந்து விழுவதாகக் கொள்வது மற்றொரு மரபு. அதனால் நிழல் எப்போதும் வலப்புறத்துக் கீழே விழும். இம்மரபை அறிந்த கைவினைஞர், எந்த இதழ் மேடு, எந்த இதழ் பள்ளம் என்பதை விளக்கவுரை இன்றியே உணர்ந்துகொள்வார். இருபுறமும் ஒத்திருக்கும் முடியணியாயின், ஒரு பாதியை மட்டும் எழுதிவிட்டு மறுபாதியை அதன் எதிருருவாகக் கொள்வதும் உண்டு.

இத்தகைய வரைபடம் மூன்று பேருக்கு மொழியாக நின்றது. வாங்க வந்த செல்வருக்கு, வரவிருக்கும் நகையின் தோற்றத்தைக் காட்டிற்று. கல் பதிப்பவருக்கு, கல்லின் அளவையும் இடத்தையும் சொல்லிற்று. பட்டறைக்கோ, பின்னாளில் புரட்டிப் பார்க்கும் நினைவேடாக அமைந்தது.

அரசியின் முடியில் கோதுமைக் கதிர்

நெப்போலியன் காலத்துப் பிரான்சில் செடிகொடிகளின் மீது பெரும் விருப்பம் இருந்தது. பேரரசி ஜோசபின் தம் மால்மேசோன் மாளிகைத் தோட்டத்தில் அரிய செடிகளை வருவித்து வளர்த்தார். பியேர் ஜோசப் ரெதூத்தே (1759–1840) என்ற ஓவியர் அம்மலர்களை எழுதினார். இதழின் நரம்பு, முள்ளின் வளைவு, இலை காம்போடு சேரும் இடம் ஆகிய யாவும் அவர் ஓவியங்களில் தவறாமல் இடம்பெற்றன. தாவர நூலார்க்குப் பயன்பட்ட அந்நுட்பம் கலைஞர்களின் கண்ணையும் பழக்கிற்று.

அக்காலத்தில் அரண்மனைக்கு நகை செய்து தந்தது நித்தோ குடும்பம். 1780ஆம் ஆண்டில் தொடங்கிய அவர்களுடைய பட்டறையே பிற்காலத்தில் ஷோமே என்ற பெயரால் புகழ் பெற்றது. 1811ஆம் ஆண்டு அளவில் அங்கே உருவான ஒரு முடியணியில், வைரம் பதித்த ஒன்பது கோதுமைக் கதிர்கள் காற்றில் சாய்வன போல் நிற்கின்றன. கதிர் என்பது உரோமானியரின் விளைச்சல் தெய்வமாகிய சீரிசுக்கு உரிய அடையாளம். நாட்டு வளத்தைக் குறிக்க அதை அரசியர் அணிந்தனர். எனினும் இன்று அதைக் காண்பவரைக் கவர்வது அரசியற் பொருளன்று. எல்லாக் கதிரும் ஒரே நேர்க்கோட்டில் நில்லாமல், ஒன்று நிமிர்ந்தும் மற்றொன்று தலை தாழ்ந்தும் நிற்கும் இயல்பே கவர்கிறது. வயலை நோக்கியவர் எழுதிய கோடு அது.

அந்தப் பட்டறையின் தொகுப்பில் 60,000க்கும் மேற்பட்ட வரைபடங்கள் இன்று உள்ளன. 2022ஆம் ஆண்டில் பாரிஸ் நுண்கலைப் பள்ளியில், நகைகளில் தாவரங்கள் என்ற பொருள் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. அதைப் பொறுப்பேற்று அமைத்தவர் ஒரு தாவர நூலார். கோடு உண்மையாக இருந்தால், எழுதியவர் மறைந்து நூறாண்டுகள் சென்ற பின்னரும் செடியைப் பெயர் சொல்லி அழைக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

சிதறிய இலைகள்

வரைபடங்களின் அருமையை உணர்த்தும் துயர நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே கூற வேண்டும். 1855ஆம் ஆண்டில் பேரரசி யூஜினிக்காகப் பாப்ஸ்ட் குடும்பத்தினர் வைரத்தில் ஓர் இலைத்தொடர் செய்தனர். கிரோசேயே என்று பிரெஞ்சு மக்கள் அழைக்கும் சிறு பழச்செடியின் இலைகள் மாலையாகத் தொடர்ந்து மார்பில் படரும்படி அமைந்த அணி அது. ஆட்சி மாறிற்று. மன்னராட்சி மீண்டும் தலையெடுக்கக் கூடாது என்று கருதிய குடியரசு, 1887ஆம் ஆண்டு மே மாதத்தில் முடியரசின் நகைகளைப் பொது ஏலத்தில் விற்றது. இலைத்தொடரைப் பகுதி பகுதியாகப் பிரித்து விற்றனர். வாங்கியவர்களில் முதலிடம் பெற்றது நியூயார்க் நகரத்து டிஃபனி நிறுவனம். அந்த ஏலத்தில் போன நகைகளுள் பலவற்றின் கற்கள் பெயர்க்கப்பட்டு வேறு நகைகளில் ஏறின.

விற்பனைக்கு முன் எடுத்த ஒளிப்படங்களும், பட்டறைகளில் எஞ்சிய வரைபடங்களும் இல்லையேல், அந்த இலைகள் எவ்வாறு படர்ந்திருந்தன என்பதை நாம் அறிய வழியில்லை. விலை மிகுந்த கல்லே அந்நகைக்குக் கேடாயிற்று என்று கூறினும் பொருந்தும். பிரித்தால் பணமாகும் பொருளை உலகம் நெடுநாள் பிரிக்காமல் விட்டுவைப்பதில்லை.

ஆயி ஊர்ச் சிறுவர்

இவ்வேலம் நடந்தபோது பாரிசில் ஓர் இளைஞர் தம் பட்டறையைத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ரெனே லாலிக் என்பது அவர் பெயர். 1860ஆம் ஆண்டில், திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஷாம்பாஞ் நாட்டில், ஆயி என்னும் சிற்றூரில் பிறந்தவர். குடும்பம் பாரிசுக்கு அருகே குடியேறிய பின்னரும் கோடை விடுமுறைகளை அவ்வூரிலேயே கழித்தார். வயலோரத்துப் பூக்களும் பூச்சிகளும் அங்கேதான் அவர் கண்ணில் குடியேறின. 1876ஆம் ஆண்டில் தந்தையார் இறந்தார். பதினாறு வயதில் லூயி ஓகாக் என்ற நகை வணிகரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1878 முதல் 1880 வரை இலண்டனை அடுத்த சிடன்ஹாமில் கலைப் பயிற்சி பெற்றார்.

திரும்பி வந்தவர் உடனே நகை செய்யத் தொடங்கவில்லை. வரைபடம் எழுதி விற்றார். பூஷரோன், கார்த்தியே முதலிய பெரிய கடைகள் அவருடைய கோடுகளை வாங்கின. நகை கடையின் பெயரால் விற்பனையாகும். எழுதியவர் பெயர் எங்கும் வாராது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. கூலிக்கு எழுதிய அந்நாட்களே கோட்டின் மதிப்பை அவருக்கு உணர்த்தியிருத்தல் வேண்டும். 1880களின் நடுவில் அவர் சொந்தப் பட்டறையை ஏற்றார்.

அப்போது பாரிசில் சப்பானியக் கலையின் செல்வாக்கு மிகுந்திருந்தது. 1867ஆம் ஆண்டுக் கண்காட்சியில் சப்பான் கலந்துகொண்ட பின், ஹொக்குசாய் போன்ற ஓவியர்களின் அச்சுப்படங்கள் ஐரோப்பியக் கலைஞர்களின் மேசைகளில் கிடந்தன. ஒரு கிளை, அதில் ஒரு பூச்சி, எஞ்சிய இடமெல்லாம் வெறுமை. அரசியின் தோட்டத்து ரோஜா மட்டுமே அழகு என்றிருந்த எண்ணத்தை அப்படங்கள் மாற்றின. லாலிக் முட்செடியையும் எழுதினார். பைன் மரக்கிளையையும் எழுதினார். மொட்டை எழுதிய கையே வாடிய பூவையும் எழுதிற்று. குளவி, வண்டு, வௌவால், பாம்பு என்று நகைக்கு ஆகாதன என ஒதுக்கப்பட்டவை யாவும் அவருடைய தாள்களில் ஏறின. வளைந்த தண்டின் போக்கையே நகையின் உருவமாகக் கொண்டார். அவர் தாள்கள் சிலவற்றின் ஓரத்தில், எவ்விடத்தில் எப்பொருள் என்று கைவினைஞர்க்குத் தந்த குறிப்புகளையும் காணலாம்.

தட்டானும் தட்டாரும்

அவர் படைப்புகளில் பெரும் புகழ் பெற்றது, 1897–98 அளவில் செய்த தும்பிப் பெண் என்னும் மார்பணி. தும்பியின் உடலிலிருந்து பச்சைக் கல்லில் செதுக்கிய ஒரு பெண்ணின் உருவம் எழுகிறது. இரு பக்கமும் சிறகுகள் விரிகின்றன; அச்சிறகுகளைக் கீல் வைத்து அசையும்படி அமைத்திருக்கிறார். அகலம் 26 சென்டிமீட்டருக்கும் மேல். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியில் மக்கள் அவர் நகைகளைக் காணத் திரண்டனர். நம் மொழியில் பொற்கொல்லரும் தட்டார், இப்பூச்சியும் தட்டான். இரண்டு தட்டானும் ஓரிடத்தில் கூடிய நகை இது என்று தமிழர் மட்டுமே சொல்லி மகிழலாம்.

அச்சிறகின் வேலைப்பாட்டை அறிவது பயனுடையது. வடநாட்டில் வாழும் நம்மவர் ஜெய்ப்பூர் மீனா வேலையைக் கண்டிருப்பர். அங்கே பொன் தகட்டைக் குடைந்து, அப்பள்ளத்தில் வண்ணக் கண்ணாடித் தூளை இட்டு, நெருப்பில் காய்ச்சி உருக வைப்பர். வண்ணத்தின் அடியில் பொன் இருக்கும். லாலிக் கையாண்ட முறையில் அடித்தகடு கிடையாது. மெல்லிய பொற்கம்பிகளால் சிறகின் நரம்புகளைப் போல வலைக்கண்கள் அமைத்து, அடியில் தற்காலிகமாக ஒரு தகடு வைத்து, கண்ணாடித் தூளை நிரப்பிக் காய்ச்சுவர். பின்னர் அத்தகட்டை நீக்கிவிடுவர். வெயில் ஊடுருவும் தட்டான் சிறகு கையில் கிடைக்கும். காய்ச்சும்போது ஒரு கண்ணில் விரிசல் விழுந்தாலும் மீண்டும் உழைக்க வேண்டியதே. வேறொரு தொழிலின் கருவியையும் அவர் தம் பட்டறைக்குக் கொணர்ந்தார். நாணயமும் பதக்கமும் செய்வோர் வைத்திருந்த பொறி அது. பெரிய மாதிரியுருவின் மேடு பள்ளங்களை ஒரு முனை தடவிச் செல்ல, மறுமுனையில் உள்ள உளி அதே உருவைச் சிறிய அளவில் செதுக்கும். எழுதிய கோட்டின் நுட்பம் சிறிதாகும்போது கெடாமல் காக்க அது உதவிற்று.

எல்லாவற்றினும் துணிவான செயல், அவர் தேர்ந்த பொருளாகும். மாட்டுக் கொம்பை வெப்பத்தால் இளக்கி வளைத்துச் சீப்புகளும் முடியணிகளும் செய்தார். வைரம் இருக்க வேண்டிய இடத்தில் நிலாக்கல், ஓபல், கண்ணாடி ஆகியவற்றை வைத்தார். இலையின் பழுப்பைக் காட்டக் கொம்பே ஏற்றது என்றால், விலை குறைந்தது என்பதற்காக அதை ஒதுக்குவானேன்? கோடு கேட்ட பொருளைக் கொடுப்பதே அவர் முறை.

விளைவு என்ன? எண்ணெய்த் தொழிலில் செல்வம் ஈட்டிய ஆர்மீனியர் கலூஸ்த் குல்பெங்கியன் (1869–1955) அவரிடமிருந்து நூற்றுக்கு மேற்பட்ட படைப்புகளை வாங்கினார். அவர் பெயரால் 1969ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில் தும்பிப் பெண் இன்றும் சிறகு விரித்திருக்கிறாள். பேரரசியின் வைர இலைகள் சிதறின. கொம்பில் செய்த இலைகள் நிலைத்தன. கொம்பைப் பிரித்து என்ன செய்வது? உருக்கினால் பயன் இல்லாத பொருளில், கோடு ஒன்றே செல்வமாக நின்று நகையைக் காத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இருபதாம் நூற்றாண்டு வளர வளர, லாலிக் கண்ணாடித் தொழிலுக்குச் சென்றார். கோட்டி என்னும் நறுமணப் பொருள் வணிகருக்காகக் குப்பிகள் செய்தார். 1945ஆம் ஆண்டில் மறையும் வரை, வயலோரத்து இலைகளும் பூச்சிகளுமே கண்ணாடியிலும் அவருக்குத் துணை நின்றன. அவர் கண்ணாடித் தொழிற்சாலை நிறுவிய விங்கன் என்னும் சிற்றூரில் 2011ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது.

இந்திய இலை பாரிசில்

நம் நாட்டுக் கோடும் பாரிசுக்குச் சென்றதுண்டு. 1911ஆம் ஆண்டு தில்லி தர்பாரை ஒட்டி ழாக் கார்த்தியே இந்தியாவுக்கு வந்தார். மரகதத்தையும் கெம்பையும் நீலத்தையும் இலையாகவும் பழமாகவும் செதுக்கும் மொகலாய மரபு இங்கே நெடுங்காலமாக இருந்தது. 1920களில் கார்த்தியே நிறுவனம் இத்தகைய கற்களைப் பிளாட்டினத்தில் கோத்துக் கொடியும் கனியுமாக அணிகள் செய்தது. ‘எல்லாப் பழங்களும்’ எனப் பொருள்படும் துத்தி ஃபுருத்தி என்ற இத்தாலியப் பெயரால் அவற்றை இன்று வழங்குகின்றனர். அக்கற்களைச் செதுக்கிய இந்தியக் கைவினைஞர்களின் பெயர்களை அந்நகைகளில் யாரும் பொறிக்கவில்லை. அவர்கள் கண்ட இலையின் நரம்பு மட்டும் கல்லில் நிலைத்து, கடல் கடந்து, புது நகையிலும் தழைத்தது.

நம் வீட்டுப் பெட்டி

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். நம் நகைகளின் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாங்காய் மாலை, மல்லிகை அரும்பு மாலை, கோதுமைச் சங்கிலி, பாம்படம், மணப்பெண்ணின் பின்னலில் அணியும் தாழம்பூ, சடைநாகம், சூரியப்பிறை, சந்திரப்பிறை. ஒரு தோட்டமும் அதன் மேலுள்ள வானமும் இப்பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. பெயர் அறியாத எவரோ ஒருவர் மாங்காயின் மூக்கு வளைவை நோக்கி நின்றதால் பிறந்த உருவம் அது. நம்மவர் அதைத் தாளில் எழுதி வைத்தது குறைவு. கையிலும் அச்சிலும் வைத்துக் காத்தனர்.

இம்முறையில் ஓர் இடர் உண்டு. முதல் தட்டார் மாங்காயைக் கண்டார். நூறாவது தட்டார் தொண்ணூற்றொன்பதாவது நகையைக் கண்டார். படியிலிருந்து படி எடுக்க எடுக்க வளைவு மழுங்கும், மூக்கு தேயும். பொறியில் வார்க்கும் இக்காலத்து மாலைகளில் மாங்காயைக் காட்டிலும் ஒரு சொட்டு நீரின் உருவமே மிகுதியாகத் தெரிவதை உற்று நோக்குவோர் உணரலாம். லாலிக் செய்ததும் இதற்கு மருந்தே. பழைய நகையைப் பார்த்து எழுதாமல், செடியிடம் திரும்பச் சென்றார்.

நம் போன்று தாயகத்தை விட்டு வெளியூர்களில் வாழ்பவர்க்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. தில்லியிலும் நாகபுரியிலும் பிறந்து வளரும் நம் குழந்தைகளில் பலர் தாழம்பூவை நேரில் கண்டதில்லை. அதன் மடலில் உள்ள முள்ளையும் மணத்தையும் அறிந்ததில்லை. பாட்டியின் தலைச்சாமானில் உள்ள தாழம்பூவே அவர்கள் காணும் தாழம்பூ. திருமணம் வருகிறது. பழைய நகை கனமாக இருக்கிறது, இக்காலத்துக்கு ஒவ்வாது என்று கடையில் கொடுத்து மாற்றுகிறோம். அதில் குற்றம் காண்பதற்கில்லை. பொன் குடும்பத்தின் சேமிப்பு. தேவைக்கு உதவாத சேமிப்பால் யாருக்கு என்ன பயன்? ஆனால் உருக்கும்போது பொன்னுக்குக் கணக்கு வைக்கிறோம், கோட்டுக்கு வைப்பதில்லை.

அக்கணக்கை வைப்பது எளிது. உருக்கக் கொடுக்கும் முன் நகையை ஒரு தாளின்மேல் வைத்துக் கூரிய பென்சிலால் அதன் விளிம்பை வரைந்துகொள்க. உண்மை அளவு தானே வந்துவிடும். உள்ளே உள்ள பூவும் கொடியும் எவ்வாறு செல்கின்றன என்பதை வீட்டில் நன்றாக எழுதும் பிள்ளை ஒருவரிடம் கூறி எழுதச் செய்க. கைப்பேசியில் முன்புறம், பின்புறம், பக்கவாட்டு என மூன்று படங்கள் எடுத்து, அளவுகோலும் அருகில் தெரியும்படி வைக்க. பின்புறத்தை விட்டுவிடுதல் ஆகாது. கொக்கியும் பற்றும் வேலைப்பாடும் அங்கேதான் தெரியும். தாளின் அடியில் நகையின் பெயர், எந்த ஊரில் செய்தது, யாருக்கு எந்த மணத்தில் வந்தது என்பவற்றை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி, நாளும் இடுக. பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுதல் நலம்.

கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அத்தாளையும் உடன் எடுத்துச் செல்லலாம். ஆற்றோரத்திலோ கடற்கரையிலோ தாழை பூத்திருக்கும் இடத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்று, பூவையும் தாளையும் அருகருகே வைத்துப் பார்க்கச் செய்யலாம். எங்கே தட்டார் இயற்கையை அப்படியே கொண்டார், எங்கே தம் கருத்தால் மாற்றினார் என்பதை அவர்களே கண்டு கூறுவர். அக்குழந்தைகளுள் ஒருவர் மறு தாளில் தம் கோட்டை எழுதத் தொடங்கினால், அதையும் பழைய தாளோடு சேர்த்துப் பெட்டியில் வைப்போமாக.